இஸ்தோப்பில் ஒரு மணி நேரம்: தோட்டத்து மூத்தவர்களுக்கு விளையாட்டு வைக்கும் முறை

முப்பது நாற்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒருவருடைய மூளை அந்தக் காலம் முழுக்கச் சும்மா இருக்கவில்லை. எந்த நம்பர் மலையில் இன்றைக்குப் பறிப்பு, எந்த வழியில் ஏறினால் வழுக்காது, கூடையில் இப்போது எத்தனை கிலோ இருக்கும், பெயர் போட்ட கிலோவும் நிறுத்த கிலோவும் ஒத்துப்போகிறதா என்று நாள் முழுக்கக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து நிரையில் நிற்பவரோடு பேச்சும் ஓடியது. வேலையை விட்ட மறுநாள் இவை எல்லாம் ஒரேயடியாக நின்றுபோகின்றன. பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட, காம்பராவில் தனியே அடுப்போடும் தொலைக்காட்சியோடும் இருக்கும் அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் கூடி விளையாட வழி செய்துகொடுப்பது எப்படி என்பதை இங்கே சொல்கிறோம். பேரப்பிள்ளை செய்யலாம், மருமகள் செய்யலாம், வாசிகசாலை நடத்தும் இளைஞர்களும் செய்யலாம். அதிகம் செலவாகாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல்லாங்குழி ஆடினால் மறதி நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு விளையாட்டைப் பழகப் பழக அந்த விளையாட்டில்தான் கை தேறும். வீட்டுச் சாவியை வைத்த இடம் அதனால் தானாக ஞாபகத்துக்கு வந்துவிடாது. ஆனால் கணக்குப் பார்ப்பது, முன்கூட்டி யோசிப்பது, ஆட்களோடு வாய்விட்டுப் பேசுவது, வெளியே வருவதற்கு ஒரு காரணம் இருப்பது ஆகிய நான்கும் ஒரே மணி நேரத்தில் கிடைப்பது வேறு எதிலும் அவ்வளவு சுலபமில்லை. விளையாட்டு வைப்பது அதற்காகத்தான்.

கண், காது, கை

ஆட்டத்தில் ஆர்வமில்லை என்று நாம் நினைக்கும் பலருக்கு உண்மையில் காய் தெரியவில்லை, அல்லது சொன்னது கேட்கவில்லை. மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. இவை அனைத்தையும் வாழ்நாள் முழுக்கச் சரியாகக் கவனித்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அதன் கணிப்பு. கேள்விக்குறைவு, கவனிக்காமல் விட்ட பார்வைக்குறைவு, ஆட்களோடு சேராத தனிமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ஆடவைப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

கண்: ஒரு கை நீளத்தில் ஒரு கறுப்பு விதையையும் ஒரு சிவப்பு விதையையும் வெள்ளைத் துணியில் வைத்து, எது எது என்று கேளுங்கள். தடுமாறினால் கண் கிளினிக் போக வேண்டும். புரை விழுந்திருக்கலாம். அதுவரை நிறத்தால் பிரியும் காய்களை விட்டு, உருவத்தால் பிரியும் காய்களைப் பயன்படுத்துங்கள். ஒருவருக்குப் போத்தல் மூடி, மற்றவருக்குக் கல்.

காது: பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பவில்லையென்றால் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் டிஸ்பென்சரியில் காட்டுங்கள். வீட்டில் ஹேர்பின்னால் தோண்ட வேண்டாம். ஆடும்போது நன்றாகக் கேட்கும் காதுப் பக்கமாக உட்காருங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது வாய் விளையாட்டு வைக்காதீர்கள், ஒருவருக்கும் எதுவும் கேட்காது.

கை: பல வருடம் பறித்த விரல்களில் மொழி (விரல் மூட்டு) வீங்கியிருக்கும். சின்ன விதையைப் பொறுக்கவும் கடதாசியை விசிறி போல விரித்துப் பிடிக்கவும் வலிக்கும். குளிரில் இன்னும் மோசம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரி வெப்பம் 16 பாகையளவில். விடியற்காலையில் அங்கே விதை பொறுக்கச் சொல்வது கொடுமை. முதலில் சூடான பிளேன்டீ கொடுத்து, கோப்பையை இரண்டு கையாலும் ஐந்து நிமிடம் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குச் சீனி போடாமல்.

நேரமும் இடமும்

காலை பத்து மணியிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். வெயில் வந்திருக்கும், சமையல் நெருக்கடி இன்னும் தொடங்கியிராது, சாப்பாட்டுக்குப் பிந்திய தூக்கமும் இல்லை. மேற்குச் சரிவில், ஹட்டன், தலவாக்கலை பக்கம், பின்னேரம் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி இருட்டிவிடும் நாட்கள் உண்டு.

இஸ்தோப்பு, அதாவது காம்பராவின் முன்திண்ணை, போதும். மாமரமோ கோயில் திண்ணையோ இருந்தால் இன்னும் நல்லது. வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து அல்லது பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசி, பலகையில் உள்ளது தெரியாது. தரையில் சம்மணமிட்டு உட்கார வைக்காதீர்கள். தாயம் தரையில்தான் ஆட வேண்டும் என்று தாத்தாவே சொல்வார், ஆனால் அரை மணி நேரம் கழித்து எழும்பும்போது முழங்கால் நிமிராது, விழுந்தாலும் விழுவார். கைப்பிடி உள்ள கதிரை, நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பலகை. பலகையின் உயரம் உட்கார்ந்தவரின் முழங்காலுக்கு நான்கு விரல் மேலே இருந்தால் குனியத் தேவையில்லை.

நால்வருக்கு மேல் ஒரு பலகையைச் சுற்றி வேண்டாம். ஆள் கூடினால் இன்னொரு பலகை. முறை வருவதற்குப் பத்து நிமிடம் காத்திருக்க நேர்ந்தால் மூத்தவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள்.

எதில் தொடங்குவது

கடையில் விற்கும் புதிர்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்க் கையில் கொடுக்காதீர்கள். நம்மவர் செய்யும் முதல் பிழை இதுதான். தோட்டத்தில் மூத்த தலைமுறையில் பலர் இரண்டாம் மூன்றாம் வகுப்போடு மலைக்குப் போனவர்கள். அவர்கள் முன் எழுத்துக் கட்டங்களை விரித்தால் சங்கடப்பட்டு, "கண்ணு தெரியல" என்று சொல்லி ஒதுங்குவார்கள். அவர்களுக்கு மூளை மங்கிவிட்டது என்று நாமும் தப்பாக முடிவுகட்டிவிடுவோம்.

அதற்குப் பதில் கேளுங்கள்: "அப்பாயி, சின்ன வயசுல லயத்துல என்ன விளையாடுவீங்க? அதை எனக்குச் சொல்லித் தாங்க." இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் முதல் விளையாட்டு. கற்றுக்கொடுப்பவர் அவர், கற்பவர் நீங்கள். விதி தப்பாக ஞாபகம் இருந்தாலும் முதல் நாள் திருத்த வேண்டாம்.

பல்லாங்குழி

எல்லாவற்றிலும் நாம் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். எழுத்துத் தேவையில்லை, இருவர் போதும், பார்வை மங்கியவரும் விரலால் தடவி ஆடலாம், ஒவ்வொரு நடையிலும் கணக்கு இருக்கிறது.

பலகை செய்ய 30 முட்டைத் தட்டு ஒன்று எடுங்கள். அதில் 5 வரிசை, வரிசைக்கு 6 குழி. இரண்டு வரிசையை வெட்டினால் 12 குழி. மிச்சத் தட்டிலிருந்து இரண்டு குழி உள்ள துண்டு ஒன்றை வெட்டி ஓரத்தில் ஒட்டினால் ஆளுக்கு 7 வீதம் 14 குழி. அடியில் காட்போட் மட்டை ஒன்றை ஒட்டினால் ஆடாது. பிளாஸ்டிக் தட்டு கிடைத்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். மட்டைத் தட்டைக் கழுவ முடியாது என்பதால் முட்டை உடைந்து ஒழுகிய கறை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். யோகட் கோப்பைகளை ஒட்டிச் செய்வதும் உண்டு. ஆனால் கோப்பை ஆழம் கூடியது, விரல் விட்டு அள்ள முடியாது, உள்ளே எத்தனை என்று பார்க்கவும் முடியாது. வெட்டிச் சிறிதாக்கினால் விளிம்பு கையைக் கிழிக்கும். முட்டைத் தட்டே நல்லது.

விதைக்குப் புளியங்கொட்டை. குழிக்கு 5 வீதம் 70 வேண்டும், உருண்டு போவதற்கென்று இன்னும் பத்து. விரல் மொழி வீங்கியவருக்கு அது வழுக்கும், அப்போது பெரிய போஞ்சி விதையோ சிறு கூழாங்கல்லோ போடலாம். குன்றிமணியை மட்டும் எடுக்காதீர்கள். சிங்கள அயலவர்கள் சித்திரைப் புத்தாண்டில் ஆடும் ஒலிந்த கெலிய என்ற ஆட்டம் பல்லாங்குழியின் உறவுதான். அந்த ஆட்டத்துக்குப் பெயரைக் கொடுத்த ஒலிந்த விதைதான் நமது குன்றிமணி. பார்க்க அழகு, ஆனால் கடித்து உடைத்து விழுங்கினால் கடும் நஞ்சு. பேரப்பிள்ளைகள் தவழும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

ஆடும் முறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பரவலான முறை இது:

1. 14 குழியிலும் ஐந்தைந்து விதை. தன் பக்கத்து ஏழில் ஏதாவது ஒரு குழியின் விதைகளை முழுக்க அள்ளி, அடுத்த குழியிலிருந்து வலப்பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். தன் வரிசை முடிந்தால் எதிராளி வரிசைக்குத் திரும்பும்.

2. கையில் உள்ளது முடிந்ததும் அதற்கு அடுத்த குழியில் உள்ளதை அள்ளித் தொடர வேண்டும்.

3. அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அது வெற்றி. முறை எதிராளிக்குப் போகும். இரண்டு குழி தொடர்ந்து வெறுமையென்றால் ஒன்றும் கிடையாது.

4. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் உடனே எடுத்துக்கொள்வார்.

5. ஒருவர் பக்கம் முழுக்கக் காலியானால் சுற்று முடிந்தது. மிச்சம் மற்றவருக்கு. இருவரும் தாம் வென்றதைக் கொண்டு தம் குழிகளை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். 32 விதை வைத்திருப்பவர் ஆறு குழியை நிரப்பி, இரண்டைக் கையில் வைத்து, ஏழாவது குழியை மூடிவிட்டு அடுத்த சுற்றை ஆடுவார்.

இதில் அடிக்கடி தப்புவது: கை நடுங்குபவர் ஒரு குழியில் இரண்டு விதை போட்டுவிடுவார், கணக்குக் குழம்பும், சண்டை வரும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் இருவர் வென்றதையும் எண்ணச் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து 70 வர வேண்டும். 41 என்று ஒருவர் சொன்னால் மற்றவர் தன்னுடையதை எண்ணுமுன்பே 29 என்று சொல்ல வேண்டும். இந்தக் கழித்தல் மனக்கணக்கைச் சோதனை போல் தோன்றாமல் செய்துவிடலாம். இன்னொன்று, புதியவர்கள் "குறைச்சு வச்சா சுலபம்" என்று குழிக்கு நான்கு வைப்பார்கள். வைத்த உடனேயே எல்லாக் குழியும் பசு ஆகிவிடும், ஆட்டமே இருக்காது. சுலபமாக்க வேண்டுமென்றால் விதையைக் குறைக்காமல் குழியைக் குறைத்து ஆளுக்கு ஐந்தாக்குங்கள்.

இரண்டு மூன்று கிழமையில் கை பழகிவிடும். பழகிய கைக்கு யோசனை தேவையில்லாமல் போய்விடும் என்பதால் அப்போது ஒரு விதியைச் சேருங்கள்: அள்ளுமுன் கடைசி விதை எந்தக் குழியில் விழும் என்று விரலால் காட்ட வேண்டும். சரியாகக் காட்டினால் ஒரு விதை பரிசு. அதுவும் பழகியபின், அதற்கு அடுத்த குழியில் எத்தனை இருக்கும், அது எங்கே போய் முடியும் என்று இரண்டாவது அள்ளலையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இங்கேதான் பல்லாங்குழி ஒரு மூளை விளையாட்டாகிறது. வெறுமனே போட்டுக்கொண்டு போவது கைவேலைதான்.

தாயமும் ஆடுபுலியும்

தாயத்துக்குக் கட்டை வாங்கத் தேவையில்லை. நான்கு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சீமெந்துத் தரையில் தேய்த்தால் வெள்ளை தெரியும். குலுக்கிப் போட்டதில் ஒரு வெள்ளை என்றால் தாயம் (ஒன்று), இரண்டு, மூன்று, நான்கு வெள்ளைக்கு அந்தந்த எண்ணிக்கை, எல்லாம் கறுப்பு என்றால் எட்டு. தாயம், நான்கு, எட்டுக்கு மறு போடல் உண்டு. 5க்கு 5 கட்டம் வரைந்து, நான்கு ஓரங்களின் நடுக்கட்டத்திலும் மையக் கட்டத்திலும் பெருக்கல் அடையாளம் போடுங்கள். அவை மலை, அங்கே நிற்கும் காயை வெட்ட முடியாது. ஆளுக்கு நான்கு காய். தாயம் விழுந்தால் காய் இறங்கும், வெளிச்சுற்று 16 கட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றி, உட்சுற்று எட்டை வலஞ்சுழியாகச் சுற்றி, மையத்தில் பழுக்கும். ஒரு காயையாவது வெட்டியவருக்குத்தான் உள்ளே போக வழி. திசை மாறும் அந்த இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள், சோக்கால் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

தாயம் விழாமல் பத்துமுறை போட்டுக்கொண்டிருப்பது மூத்தவர்களுக்கு அலுப்பு. முதல் காயைத் தாயமில்லாமலே இறக்கிவைத்துத் தொடங்குவது நல்லது.

ஆடுபுலி ஆட்டம் இதைவிடக் கூர்மையானது. இதில் அதிர்ஷ்டம் இல்லை, முழுக்க யோசனைதான். பலகை வரைவதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். உச்சியில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து கூரை போல நான்கு கோடுகள் கீழே விரியட்டும். அவற்றின் அடிகளைச் சேர்த்து ஒரு கிடைக்கோடு. இடையில் மூன்று கிடைக்கோடுகளைக் குறுக்கே போட்டு, அவற்றை இரு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டி, நுனிகளை இடப்பக்கம் ஒரு நிலைக்கோட்டாலும் வலப்பக்கம் ஒரு நிலைக்கோட்டாலும் சேருங்கள். உச்சி 1, இடைக்கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4, மொத்தம் 23 புள்ளி. எண்ணிக்கை வராவிட்டால் கோடு தப்பு.

புலி 3, ஆடு 15. உச்சியில் ஒரு புலி, முதல் இடைக்கோட்டின் நடு இரண்டு புள்ளியில் மற்ற இரண்டு. ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டை வைப்பார், புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். பதினைந்தும் இறங்கிய பிறகே ஆடு நகரும். ஆட்டுக்கு அப்பால் நேர்க்கோட்டில் வெறும் புள்ளி இருந்தால் புலி தாண்டி வெட்டும். மூன்று புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆடு வென்றது. புதியவர் ஆடு பிடித்தால் கட்டாயம் தோற்பார், ஏனென்றால் பயத்தில் ஆடுகளைப் புலியின் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். ஓரங்களிலும் அடிக்கோட்டிலும் முதலில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே பின்னால் புள்ளி இல்லாததால் அந்தப் பக்கமாகத் தாண்ட முடியாது. கங்காணி வேலை பார்த்த தாத்தாக்களுக்கு இந்த ஆட்டம் பிடிப்பதைப் பார்க்கலாம்.

டாம், கெரம் இரண்டும் வாசிகசாலையில் இருந்தால் ஆடட்டும். கெரம் பலகையில் பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள், இருமல் உள்ளவருக்கு ஆகாது.

கடதாசி

இலங்கையில் கடதாசிக் கூட்டம் என்றாலே 304தான். நால்வர், எதிரெதிரே இருப்பவர் சோடி. 7 முதல் ஏஸ் வரை 32 கடதாசி. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயீன் 2, எட்டும் ஏழும் பூச்சியம். ஒரு சாதியில் 76, நான்கு சாதியில் 304, பெயர் வந்த காரணம் அதுதான். நான்கு கடதாசி பார்த்துக் கேள்வி (இத்தனை புள்ளி எடுப்போம் என்ற ஏலம்) கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்து, பிறகு மிச்சம் நான்கு. கேள்வி பெரும்பாலும் 160இல் தொடங்கும்.

பழகியவர் மறந்திருந்தாலும் இரண்டு நாளில் திரும்பிவிடும். முற்றிலும் புதியவருக்கு முதல் கிழமை துரும்பைத் திறந்தே வையுங்கள். ஜாக்கும் ஒன்பதும் ஏஸைவிடப் பெரிது என்பது மனதில் பதிய நாளாகும், அந்த வரிசையை மட்டையில் பெரிதாக வரைந்து பக்கத்தில் வைக்கலாம். எட்டுக் கடதாசியை விரித்துப் பிடிக்க முடியாதவருக்கு உடுப்புத் துவைக்கும் புதிய பிரஷ் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், நார் மேலே பார்க்கட்டும். நாருக்கு இடையில் செருகினால் கடதாசி நிற்கும், கை ஓயும்.

காசு வைத்து ஆட விடாதீர்கள். ஐந்து ரூபாய்தானே என்று தொடங்கும். சேமலாப நிதிப் பணத்தில் மிஞ்சியது கரைவதற்கும், வீட்டில் சண்டை வந்து கூட்டமே கலைவதற்கும் அதுதான் வாசல். பந்தயத்துக்குப் புளியங்கொட்டை போதும்.

வாயும் காதும் நினைவும்

பார்வை போனவர், கை விளங்காதவர், படுக்கையோடு இருப்பவர் எல்லோரும் சேரக்கூடியது வாய் விளையாட்டு. மலையகத்துக்கு இதில் குறையே இல்லை.

விடுகதையை மூத்தவரிடமிருந்தே வாங்குங்கள். வாய் திறக்கவில்லையென்றால் நீங்கள் ஒன்று போடுங்கள்: மலையில் பச்சை, பெக்டரியில் கறுப்பு, கோப்பையில் சிவப்பு, அது என்ன? தேயிலை என்று யாராவது சொன்னதும், "இது ஒரு கதையா, நான் சொல்றேன் பாரு" என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள். கிடைத்ததை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த படி, புதிதாக விடுகதை கட்டச் சொல்வது. கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, அட்டைப் பூச்சி, லீக்ஸ், எதையாவது கொடுத்து, பெயர் சொல்லாமல் மூன்று அடையாளம் சொல்லச் சொல்லுங்கள். விடை கண்டுபிடிப்பதைவிட இது கடினம், பலனும் கூட.

பாட்டுக்குப் பாட்டு இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு சிக்கல்: பாட்டு ன், ள், ண் போன்ற மெய்யில் முடிந்தால் அந்த எழுத்தில் தமிழில் சொல்லே தொடங்காது. அப்போது அதற்கு முந்திய உயிர்மெய்யை எடுக்கலாம், அதுவும் கைகொடுக்காவிட்டால் எதிரணி ஓர் எழுத்தைக் கொடுக்கலாம் என்று முதலிலேயே பேசிவையுங்கள். சினிமாப் பாட்டோடு நிற்க வேண்டாம், தாலாட்டு, கும்மி, மாசி மாதக் காமன் கூத்துப் பாட்டு எல்லாம் செல்லும்.

இரயில் வரிசை: நானுஓயா, அம்பேவெல, பட்டிப்பொல, ஒஹிய, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பதுளை. இந்த ஒன்பதையும் கலைத்துச் சொல்லி, நானுஓயாவிலிருந்து போகும் வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். அது முடிந்தால் பதுளையிலிருந்து பின்னோக்கி. அதுவும் முடிந்தால் நீங்கள் ஒன்றை விட்டுச் சொல்லி, எது விடுபட்டது என்று கேளுங்கள். இடையில் ஒருவர் பட்டிப்பொலதான் நாட்டிலேயே உயரத்தில் உள்ள நிலையம் என்பார், இன்னொருவர் தெமோதரை வளைவில் ரயில் தன் பாதைக்கு அடியிலேயே போவதைச் சொல்வார். நிறுத்தாதீர்கள். பேச்சு வளர்வதுதான் வேண்டும்.

கைநிறை: ஒரே மாதிரியான மூன்று பைகளில் 200, 350, 500 கிராம் அரிசி கட்டி, கண்ணால் பார்க்காமல் கையில் தூக்கி, பாரத்தின்படி அடுக்கச் சொல்லுங்கள். பிறகு 300, 350, 400 என்று இடைவெளியைக் குறையுங்கள். கடைசியாகத் தராசில் வைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து நிறுத்தவர்களின் கை இதில் நம்மைத் தோற்கடிக்கும். வாய் திறவாமல் ஒதுங்கி இருப்பவரையும் இது உள்ளே இழுத்துவிடும்.

தட்டு விளையாட்டு தெரிந்ததுதான். ஆறு பொருள், ஒரு நிமிடம் பார்க்க, துணியால் மூட, ஒன்றை எடுத்துவிட்டுத் திறக்க. ஆறில் தடுமாறினால் நான்கு, சுலபமென்றால் பத்து.

எழுதப் படிக்க விருப்பம் உள்ளவருக்கு

ஞாயிறு பத்திரிகைக் குறுக்கெழுத்தை இருவராகச் செய்ய விடுங்கள், ஒருவர் வாசிக்க மற்றவர் விடை சொல்ல. கட்டத்தைப் பெரிய தாளில் திரும்ப வரைந்து கொடுங்கள், ஒரு கட்டம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து: "கொ" மூன்று துண்டாக எழுதினாலும் ஒரு கட்டம், "ட்" தனிக் கட்டம். இது தெரியாமல்தான் பலர் முதல் நாளே கைவிடுகிறார்கள். சுடோகுவை 9க்கு 9இல் தொடங்காமல் 4க்கு 4இல் தொடங்குங்கள். எண்ணுக்குப் பதில் நான்கு நிறச் சட்டைப் பொத்தான், நிறத்துக்கு நான்கு. வரிசையிலும் நிரலிலும் சிறு சதுரத்திலும் ஒரே நிறம் இருமுறை வரக் கூடாது. ஐந்து பொத்தானை நீங்கள் வைத்துவிட்டு மிச்சத்தை வைக்கச் சொல்லுங்கள். கொடுக்குமுன் நீங்களே ஒருமுறை முடித்துப் பாருங்கள், விடை இல்லாத புதிரைக் கொடுத்துவிட்டால் நம்பிக்கை போய்விடும்.

மறதி தொடங்கிவிட்டவருக்கு

இலேசான, நடுத்தர மறதி நோய் உள்ளவர்களுக்கு இங்கிலாந்தில் உருவான ஒரு குழுமுறை இருக்கிறது: கிழமைக்கு இரண்டு தரம், ஒரு தரம் 45 நிமிடம், 7 கிழமையில் 14 கூடல். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான பழக்கம், தகவல் கேட்காமல் அபிப்பிராயம் கேட்பது. "தாத்தா, இது யாரு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால், இல்லையென்றால் அவமானம். "தாத்தா, ரொட்டிக்கு இந்தச் சம்பல் நல்லதா, அந்தச் சம்பல் நல்லதா?" என்று கேட்டால் தப்பான பதிலே கிடையாது. யோசிப்பதும் பேசுவதும் நடக்கும்.

இவர்களோடு விதியைச் சுருக்குங்கள். பல்லாங்குழியில் வெறுமனே ஒவ்வொன்றாகப் போட்டுச் சுற்றி வந்தாலே போதும். நிறம் பிரிப்பது, பாட்டின் முதல் அடியைச் சொல்லி இரண்டாம் அடியை விடுவது நன்றாக நடக்கும். பேர் மறந்தவரும் பாட்டை மறப்பது குறைவு. சலித்துக் காயைத் தள்ளினால் அன்றைக்கு அவ்வளவுதான், எடுத்து வையுங்கள். விதையை வாயில் போடும் பழக்கம் இருந்தால் பெரிய போத்தல் மூடிக்கு மாறுங்கள்.

நேற்றுவரை நன்றாக ஆடியவர் ஒரே நாளில் குழம்பிப் பேசினால், அதை விளையாட்டால் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். சிறுநீர்த் தொற்று, சீனி இறங்குவது, மருந்து மாறியது, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். முகம் கோணினாலோ ஒரு கை தளர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ உடனே 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்பியூலன்ஸை வரச் சொல்லுங்கள்.

முதல் மாதம்

முதல் கிழமை இருவர், ஒரே விளையாட்டு, அரை மணி நேரம். இரண்டாம் கிழமை அதே விளையாட்டு, இன்னும் இருவர். மூன்றாவதில் கடைசிப் பத்து நிமிடம் வாய் விளையாட்டைச் சேருங்கள். நான்காவதில் ஆட்டத்தைக் கொஞ்சம் கடினமாக்குங்கள். பத்துக்கு ஆறு ஏழு தரம் சரியாக வருகிற அளவு கடினம் போதும். எப்போதும் வென்றால் தூக்கம் வரும், எப்போதும் தோற்றால் அடுத்த நாள் முழங்கால் வலி என்று சொல்லி வரமாட்டார். ஒவ்வொரு நாளும் யார் வந்தார், என்ன ஆடினார், எங்கே தடுமாறினார் என்று மூன்று வரி எழுதுங்கள்.

பேரப்பிள்ளைகள் சேர்வது நல்லதுதான், ஆனால் அவர்கள் அப்பாயியின் கையிலிருந்து விதையைப் பிடுங்கி, "நான் போடுறேன்" என்று வேகமாக ஆடி முடித்துவிடுவார்கள். முப்பது எண்ணும்வரை ஒருவரும் உதவிக்குப் போகக் கூடாது என்று விதி வையுங்கள். பெண்கள் சமையலுக்கு ஓடிவிடுவார்கள், ஆண்கள் பலகையைப் பிடித்துக்கொள்வார்கள், அதற்காகப் பெண்களுக்குத் தனியாக ஒரு நாளும் ஒரு பலகையும் ஒதுக்குவது உதவும். கூட்டம் பத்துப் பேரைத் தாண்டினால் கிராம சேவகரிடம் உங்கள் பிரிவின் முதியோர் சங்கத்தைப் பற்றிக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பின் மூத்தவர்களின் அமைப்புகளுக்கு அரச நிர்வாகத்தில் ஒரு வழி இருக்கிறது. தோட்டத்துப் பிரிவுகளில் அதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

சாமான்களைப் பத்திரப்படுத்துவது தனி வேலை. மலைக் குளிரில் ஈரம் ஏறிக் கடதாசி ஒன்றோடொன்று ஒட்டும், மட்டைப் பலகை ஊதும். பலகையின் இரு பக்கமும் அகல டேப் ஒட்டுங்கள். கடதாசியையும் விதையையும் மூடி இறுகிய பால்மா டின்னில் போட்டு, வறுத்த அரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து உள்ளே வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் டின் இருக்கட்டும். புளியங்கொட்டையில் வண்டு துளைத்த சின்ன ஓட்டை தெரிந்தால் அந்த விதைகளை எறிந்துவிட்டு, மற்றவற்றை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மறுபடி 70 இருக்கிறதா என்று எண்ணி வையுங்கள்.